கணக்கை ஊர்முன் வை, மலர்

அரியலூர்
18.1.2020

அன்பு மலருக்கு,

அத்தை எழுதுவது. மாட்டுப் பொங்கலன்று நீ போனில் அழுததிலிருந்து என் மனசு உன் ஊரிலேயே கிடக்கிறது. "பிள்ளையைப் போய் இப்படித் திட்டிட்டியே" என்று அண்ணன் குறைப்பட்டார். திட்டாமல் என்ன செய்வது? ஆறாம் தேதி ஊராட்சித் தலைவியாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு, பத்தே நாளில் "ராஜினாமா எழுதிக் கொடுத்துடட்டுமா அத்தை" என்று கேட்டால், உன்னை நம்பி ஓட்டுப் போட்ட சனத்துக்கு யார் பதில் சொல்வது? திட்டியது போதும். இனி பேச வேண்டியதைப் பேசுவோம். போனில் பேசினால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு முறைக்கு இரண்டு முறை படி.

நீ சொன்னதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். மின்சார பில் பாக்கி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் பாக்கி. டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நிலுவை. போன கோடையில் போர்வெல் போட்டவரும் டேங்கர் ஓட்டினவரும் தினமும் வாசலில் வந்து நிற்கிறார்கள். வீட்டு வரி யாரும் கட்டவில்லை. கழிப்பறை கட்டியதாகப் பதிவேட்டில் இருக்கிறது, போய்ப் பார்த்தால் அஸ்திவாரம் மட்டும் கிடக்கிறது. "நான் செய்யாத கடனுக்கு நான் ஏன் அத்தை பதில் சொல்லணும்?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் பதில்.

உன் மாமனார் தவறியபோது கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பெயரில் பயிர்க்கடன் நின்றது. அது அப்பா வாங்கியது, எனக்கென்ன என்று மாப்பிள்ளை சொல்லவில்லை. நிலம் வேண்டுமென்றால் கடனும் சேர்த்துத்தான் என்று உனக்கு அன்றைக்கே தெரியும். ஊராட்சியும் அப்படித்தான், பாப்பா. நாற்காலியில் உட்காருகிறவர் மாறுவார், கடன்காரர் மாறமாட்டார். மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியது பழைய தலைவரோ பழைய அதிகாரியோ அல்ல, உன் ஊர்.

முதலில் இது எப்படி வந்தது என்று புரிந்துகொள். புரியாமல் கோபப்பட்டால் கோபம் தப்பான ஆளின் மேல் போகும். உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு வழக்கு, வார்டு வரையறை, மறுபடியும் வழக்கு என்று மூன்று வருஷத்துக்கு மேல் போய், போன டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் ஓட்டுப் போட்டோம். நடுவில் இருந்த காலம் முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி. உன் பெரம்பலூர் மாவட்டத்தில் நாலு ஒன்றியம், 121 ஊராட்சி. பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்று பிரித்துப் பார், ஓர் அலுவலர் தலையில் சராசரியாக முப்பது ஊர். ஒரு ஊருக்கு மாதத்தில் ஒரு நாள்கூட முழுசாக வராது. எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் முப்பது ஊரில் எந்தத் தெருவில் எந்த மோட்டார் எரிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவசரத்துக்கு வேலை நடந்திருக்கும், பில் பின்னால் தேங்கியிருக்கும்.

இன்னொன்று அதைவிடப் பெரிய அடி. தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லை என்பதால் மத்திய அரசின் 14ஆவது நிதிக்குழு மானியம் நம் மாநில ஊராட்சிகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நிதிக்குழு பணம் முழுவதும் ஊராட்சிக்கென்றே ஒதுக்கியது, ஒன்றியத்துக்கோ மாவட்டத்துக்கோ பங்கில்லை. அதுவும் வராமல், 2016, 17 வறட்சியும் சேர்ந்து வந்தால் கஜானா எப்படி இருக்கும்? அந்த நிதிக்குழுவின் காலம் வருகிற மார்ச் 31ஓடு முடிகிறது. உன் ஊருக்கு வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இந்த மாதத்துக்குள் எழுத்தில் கேள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

நான் 2006 அக்டோபரில் என் ஊர்த் தலைவியாகப் பொறுப்பேற்றபோது நம் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது 2007 நவம்பரில்தான். எனக்கு முந்தையவர் விட்டுப்போன பில்களை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, தூர்ந்துபோன ஒரு கிணற்றின் மின் இணைப்புக்கு வருஷக்கணக்காகப் பணம் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரே கிடையாது, பில் மட்டும் ஒழுங்காக வந்தது. துண்டிக்கச் சொல்லி மனு கொடுத்து, அந்த ஓட்டையை முதலில் அடைத்தேன். எங்களுக்குக் கொள்ளிடக்கரை மண், கைப்பம்பை அடித்தாலே தண்ணீர் வரும். உங்களுக்குப் பாறை. ஐந்நூறு அடி இறக்கினாலும் சில இடத்தில் தூசிதான் பறக்கிறது. ஆழம் கூடக் கூட மோட்டாரின் குதிரைத்திறன் கூடும், கரண்ட் பில்லும் கூடும். அதனால் உன் ஊர்க் கடனில் பெரும்பகுதி தண்ணீருக்காக ஆன கடன்தான். அதை நீ ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஊராட்சியின் எல்லா மின் இணைப்பு எண்களையும் ஒரு நோட்டில் எழுது. டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மீட்டராகப் போய்ப் பார். எந்த இணைப்பில் மோட்டார் ஓடுகிறது, எது வற்றிப்போன போர், எந்தத் தெருவிளக்கு பகலிலும் எரிகிறது என்று குறித்துக்கொள். இதற்கு என்ஜினியர் வேண்டாம், நடக்கக் காலும் பார்க்கக் கண்ணும் போதும்.

அடுத்தது சார்ஜ் லிஸ்ட். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. பேங்க் பாஸ்புக், பயன்படுத்தாத செக், மோட்டார், பைப், பல்பு, பிளீச்சிங் பவுடர் மூட்டை எல்லாம் எண்ணிப் பார். முக்கியமாக வரி ரசீதுப் புத்தகங்கள். வரிசை எண் விட்டுப்போன புத்தகம் ஏதாவது உண்டா என்று பார். சில வீட்டில் "நாங்க கட்டிட்டோமே" என்று ரசீதை எடுத்துக் காட்டுவார்கள், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் பாக்கி என்று இருக்கும். அந்த ரசீதை நகல் எடுத்து வை. கட்டின ஏழையை இரண்டாம் தடவை கட்ட வைக்கிற பாவம் நமக்கு வேண்டாம். தணிக்கைத் தடைகள் இருந்தால் அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கு. கிளார்க் தம்பியைச் சந்தேகப்பட்டுப் பேசாதே. இந்த மூன்று வருஷமும் ஊரின் ஏச்சை எல்லாம் வாங்கினது அவன்தான்.

பணம் எந்தப் பையில் இருக்கிறது என்பதும் உனக்குப் பிடிபட வேண்டும். முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகைப் பணம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் அதில்தான் வரும். இரண்டாவது கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் மட்டும். மூன்றாவது திட்டப் பணம். ஒரு கணக்கில் பணம் தெரிகிறதே என்று இன்னொரு கடனை அடைக்கக் கிளம்பாதே. நாளைக்குத் தணிக்கையில் உன் பெயர்தான் நிற்கும். யார் அவசரப்படுத்தினாலும், "தீர்மானம் போட்டு, அளவுப் புத்தகம் பார்த்துத்தான் செக்" என்று சொல். போர் போட்டவரையும் டேங்கர்காரரையும் வாசலில் நிற்க வைக்காதே, உள்ளே கூப்பிட்டு உட்கார வை. வேலை உத்தரவு இருக்கிறதா, அளவு எடுத்திருக்கிறதா என்று பார்த்து, நியாயமான பில்லுக்கு எந்த மாதம் எவ்வளவு என்று சொல்லிவிடு. அவர்களும் வட்டிக்கு வாங்கித்தான் டீசல் போட்டிருப்பார்கள்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் யாரோ, "முதல் தீர்மானமே வீட்டு வரிப் பாக்கி தள்ளுபடின்னு போடுங்க, ஊரே கொண்டாடும்" என்றார்களாமே. கேட்டதும் எனக்குப் பகீரென்றது. இலங்கையைப் பார். போன நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதி ஆனார். அவர் கைக்கு வந்தது கடன் மூட்டை. அந்த மூட்டையைக் கட்ட ஆரம்பித்தவர்களில் அவர் அண்ணனும் ஒருவர், அதற்கு அப்புறம் வந்தவர்கள் 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருஷக் குத்தகைக்கு விட வேண்டியிருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு சுற்றுலா வருமானமும் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் வந்தவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று வரியைக் குறைத்தது. 15 சதவீதமாக இருந்த மதிப்புக்கூட்டு வரியை டிசம்பர் 1 முதல் 8 சதவீதம் ஆக்கினார். சனம் பட்டாசு வெடித்திருக்கும். கடன் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் அந்த வரியில் ஏறத்தாழப் பாதியை விட்டுக் கொடுத்தால், நாளைக்கு மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் எங்கே போவார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அங்கேயும் நம் சனம் இருக்கிறது. நாட்டுக்குத் தலைவரானாலும் ஊருக்குத் தலைவியானாலும், கைத்தட்டலுக்காக வரவைக் குறைக்காதே, மலர்.

நம் கிராமத்து வீட்டு வரி என்ன பெரிய வரியா? பல வீட்டுக்கு வருஷத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் போய்க் கேட்கவில்லை. ஆனால் கேட்கிற காலம் தெரிந்து கேள். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்ற வருஷம் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். இப்போது மக்காச்சோளம் அறுவடை, சின்ன வெங்காயமும் போன மாதம் நல்ல விலைக்குப் போனது. கையில் காசு புழங்குகிற தை, மாசியில் தெருத்தெருவாகப் போ. முதல் ரசீது உன் வீட்டுக்கு, இரண்டாவது உன் கொழுந்தனார் வீட்டுக்கு, மூன்றாவது துணைத் தலைவர் வீட்டுக்கு. அதற்கப்புறம் ஊரில் யார் வாயும் திறக்காது.

வீட்டு வரியோடு நின்றுவிடாதே. எல்லைக்குள் இருக்கிற பள்ளிக்கூடம், காலேஜ், பேங்க், கடைகள் எல்லாவற்றிலும் தொழில் வரி வருகிறதா என்று பார். ஆண்டுக்கு ஒருவரிடம் 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசியலமைப்பே போட்ட எல்லை. அதனால் யாரும் நொடித்துப்போக மாட்டார்கள். கல்குவாரிக்கு அரசு வாங்கும் சீனியரேஜ் கட்டணத்தில் ஊராட்சிக்கு உரிய பங்கு வந்து சேர்ந்ததா என்று மாவட்ட அலுவலகத்தில் கேள். ஊராட்சிக் குளத்து மீன் குத்தகை, புளியமர ஏலம் எல்லாம் யார் பெயரில் எவ்வளவுக்குப் போனது என்று பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டு. எங்கள் பக்கம் ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று சிமெண்ட் ஆலைகள் இருக்கிற இடங்களுக்கு ஆலை வரியும் தொழில் வரியும் வந்துவிடும். பக்கத்து மானாவாரி ஊருக்கு லாரிப் புழுதி மட்டும்தான். உன் ஊர் அந்த மானாவாரி வகை. அதனால் ஒவ்வொரு ரூபாயையும் நீ தேடிப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் ரகசியமாகச் செய்யாதே. வருகிற 26ஆம் தேதி குடியரசு தினக் கிராம சபை. அன்றைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 2001இல் சென்னையில் ஆட்சி மாறியதும் நிதியமைச்சர் பொன்னையன் மாநிலத்தின் நிதி நிலைமையை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டாரே, நினைவிருக்கிறதா? நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தாய், அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். அதுபோல உன் ஊருக்கு ஒரு தாளில் எழுது. இன்ன தேதியில் நான் பொறுப்பேற்றபோது பேங்க்கில் இவ்வளவு இருந்தது, மின்சாரத்துக்கு இவ்வளவு பாக்கி, தண்ணீருக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு, வேலை செய்தவர்களுக்கு இவ்வளவு, ஊர் நமக்குத் தர வேண்டிய வரி இவ்வளவு. பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டு, சபையில் வாசி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்று.

வாசிக்கும்போது ஒருவர் பெயரும் சொல்லாதே. பழைய தலைவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அவர் சொந்தக்காரர் இருநூறு பேர் இருப்பார்கள். நீ ஒரு சொல் குற்றம் சொன்னால் கணக்கு மறந்துபோகும், சண்டைதான் மிஞ்சும். தப்பு நடந்திருந்தால் அதை எழுதிக் கலெக்டருக்குக் கொடு. சபையில் தொகையை மட்டும் சொல். இந்த மாதம் சொன்னால் அது முந்தைய நிர்வாகம் விட்டுப்போன பாக்கி. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஆடியில் சொன்னால் அது உன் பாக்கி. பழியைத் தள்ளவோ பாரத்தைப் பங்கு போடவோ உனக்குக் கிடைக்கிற ஒரே நாள் அது. நீ பாரத்தைப் பங்கு போடு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இன்னும் இரண்டு விஷயம் உரிமையோடு சொல்கிறேன், கோபப்படாதே. ஒன்று, மாப்பிள்ளை. தங்கமான மனுஷர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மோட்டார் காயில் எரிந்தாலும், பி.டி.ஓ. ஆபீஸில் மீட்டிங் என்றாலும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாராம். நீ கையெழுத்து மட்டும் போடுகிறாயாம். பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதற்கா? அவர் வண்டி ஓட்டட்டும், நீ பின்னால் உட்கார்ந்து போ, மீட்டிங்கில் நீ பேசு. நாளைக்குத் தணிக்கைத் தடை வந்தால் மாப்பிள்ளையைக் கூப்பிட மாட்டார்கள். துணைத் தலைவரோடும் முகம் கொடுத்துப் பேசு. எதிர்க்கட்சி என்பதெல்லாம் தேர்தலோடு போகட்டும். அவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு செக்கும் நகராது, பல்புகூட வாங்க முடியாது.

இரண்டாவது, காலனி. பணம் இல்லாத காலத்தில் முதலில் நிற்பது காலனித் தெருவின் தண்ணீர்தான். ஊருக்குள் மோட்டார் எரிந்தால் அன்று மாலையே காயில் கட்டி வந்துவிடும், அங்கே எரிந்தால் நிதி இல்லை என்பார்கள். பாதிக் கழிப்பறைகளும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். பன்னிரண்டாயிரம் ரூபாய் மானியம் யார் கணக்குக்குப் போனது என்று அந்தப் பெண்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்புக்காகப் பார். கடனை எந்த வரிசையில் அடைப்பது என்று கேட்டாயே, இதுதான் வரிசை: முதலில் டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர் சம்பளம். அடுத்து காலனி மோட்டார். மின் கட்டணத்தில் இந்த மாத பில்லை முழுசாகக் கட்டிவிட்டு, பழைய பாக்கியைத் தவணையில் தீர்க்க எழுதிக் கொடு. ரோடும் வளைவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உன் பெயர் பொறித்த கல்வெட்டு ஒரு வருஷம் பொறுக்கும்.

ஐந்து வருஷம் ஓடிப்போகும், பாப்பா. 2025 ஜனவரியில் உனக்கு அப்புறம் வருகிற யாரோ ஒருத்தி அதே ஊராட்சி ஆபீஸ் பீரோவைத் திறப்பாள். அப்போது நீதான் அவளுக்கு முந்தைய நிர்வாகம். அவள் தன் அத்தைக்குப் போன் போட்டு அழக் கூடாது. அதற்கு இன்றைக்கே ஒரு நோட்டுப் போடு, மாதம் தவறாமல் கடைசி நாளில் வரவு, செலவு, பாக்கி மூன்றையும் அதில் எழுது.

மின் இணைப்பு எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மாமாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. கிராம சபைக்கான தாளை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, தொகையெல்லாம் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. சின்னவளுக்குப் பரீட்சை வருகிறது, ஆபீஸ் வேலை என்று அவளை விட்டுவிடாதே. 26ஆம் தேதி நான் வரமாட்டேன். நான் வந்து பின்னால் நின்றால் நீ என்னைத்தான் பார்ப்பாய். ஊரைப் பார்த்துப் பேசு, குரலை உயர்த்தாமல் பேசு. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் அத்தை